கைக்குட்டைப் பேரம்

நீ பொய்யன். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லாமல் மனசுக்குள் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தைரியத்துக்கு என்னிடம் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை, வழிதான் இல்லை, ஒரு மணிக்குப் பெல் அடிக்கிற வரைக்கும் நான் இந்தத் தேர்வுக்கூடத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது, நீ எதிர்க் கட்டிடத்து மாடியில் ஏ.சி. போட்ட அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாய், நடுவில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டும் சில வேப்பமரங்களும். நேரில் பார்த்தால் உன்னை டீன் சார் என்றுதான் கூப்பிடுவேன், எழுந்து நின்று. உள்ளே மட்டும் நீ. அந்த அறையில் இப்போது என் பதவி உயர்வைப் பார்க்கிற கமிட்டி, ஐந்து பேர் இருப்பீர்கள், முந்திரி பிஸ்கட் தட்டு வந்திருக்கும், என் ஃபைல் மேசை நடுவில் கிடக்கும், டாக்டர் நா. பொன்னாத்தாள், இணைப் பேராசிரியர், பொருளாதாரத் துறை, அதற்குக் கீழே எம்.ஏ. அரசியல் அறிவியல், அந்த இடத்தில்தான் எல்லோருடைய விரலும் போய் நிற்கும். இவள் அரசியலா பொருளாதாரமா. இருபது வருஷமாகப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவளைப் பற்றி, அவளிடம் படித்தவர்கள் பாங்குகளில் மேனேஜராகி உட்கார்ந்திருக்கிற நேரத்தில், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு இந்தக் கேள்வி. எம்.ஏ.வும் டாக்டர் பட்டமும் ஒரே பாடமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடர்புடைய பாடமாக இருக்க வேண்டும், விதி அவ்வளவுதான். தொடர்புடையதுதான் என்று கமிட்டி சொன்னால் நான் பேராசிரியர். இல்லை என்றால் பேராசிரியர் பதவி போவதோடு முடியாது, நான் இந்தத் துறைக்குள் வந்ததே தப்பு என்றாகும், திரும்ப அரசியல் துறைக்கே போ என்பார்கள், அந்தத் துறையில் அடுத்த வருஷம் முதல் மாணவர் சேர்க்கையே கிடையாது. பூட்டப்போகிற வீட்டுக்குள் ஆளைத் தள்ளிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. அதைத் தடுக்க ஒரு வாக்கியம் போதும், அந்த வாக்கியத்தை நான் சொல்லிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நீ. காலையில் காரை விட்டு இறங்கினாய். ஜன்னலில் நான் நிற்பதைப் பார்த்தாய். பார்த்துவிட்டு உன் ஷூவைப் பார்த்துக் குனிந்துகொண்டாய். சந்தையில் வளர்ந்தவளுக்கு அந்தக் குனிவு தெரியாதா, விற்க வந்தவன் வயசு தெரிந்துவிடும் என்று மாட்டின் பல்லைக் காட்டாமல் கொம்பைத் தடவிக்கொண்டே நிற்பானே, அதே குனிவு.

மின்விசிறியில் ஒரு இறக்கை எதிலோ உரசுகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கீச்சு, அதை யாரும் சரிசெய்ய மாட்டார்கள், நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த வருஷமும் உரசிக்கொண்டுதான் இருந்தது. இது வேறு விசிறி, உரசல் மட்டும் அதேதான். செருப்பு வார் கடிக்கிறது. உட்காரக் கூடாது, பேப்பர் படிக்கக் கூடாது, ஃபோனை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும், பரீட்சை எழுதுகிறவர்களுக்காவது எழுத ஏதோ இருக்கிறது, காவலுக்கு நிற்கிறவளுக்கு ஒன்றும் இல்லை, தன் மண்டையைத் தவிர. ஒரு வரிசை அரசியல் அறிவியல், அடுத்த வரிசை பொருளாதாரம், மறுபடி அரசியல், மறுபடி பொருளாதாரம், பக்கத்து ஆளைப் பார்த்து எழுதக் கூடாதென்று இப்படி மாற்றி மாற்றி உட்கார வைப்பது எல்லா ஊரிலும் வழக்கம், நடுவில் விட்ட சந்தில் நான் போய்விட்டு வருகிறேன், போய்விட்டு வருகிறேன். வலது கைப் பக்கம் ஒரு பையன் சட்டமன்ற மேலவையைப் பற்றி எழுதுகிறான், இடது கைப் பக்கம் ஒருத்தி பணவீக்கத்துக்குப் படம் போடுகிறாள், இரண்டும் எனக்குத் தெரியும், இரண்டிலும் எனக்கு உட்கார இடமில்லை. என்னோடு காவலுக்கு வந்திருப்பவர் விலங்கியல் ஜெபசிங், நாகர்கோவில்காரர், அவருக்கு இந்த இரண்டு பாடமும் ஒன்றுதான். மெதுவாகப் பக்கத்தில் வந்து, "என்ன மேடம், அந்த மாடியையே பாத்துட்டு நிக்கிய, அங்க என்ன படமா ஓடுது" என்றார். "என்ற படந்தான் ஓடுது" என்றேன். "அப்பம் இடைவேளைக்கி அப்பொறம் நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒருத்தன் கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கவும் போய்விட்டார். நல்ல மனுஷன். தவளையைத் தவிர யாரையும் அறுக்காதவர். அவருக்கு எம்.எஸ்சி.யும் விலங்கியல், டாக்டர் பட்டமும் விலங்கியல், தூங்கப் போனால் தூக்கம் வரும்.

எனக்கு எதுவுமே நேர் வழியில் வந்ததில்லை. எங்கப்பன் நாச்சிமுத்து மாட்டுத் தரகு. அந்தியூர்ச் சந்தை, கண்ணபுரம் சந்தை, வாரச் சந்தைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி, தோளில் ஒரு துண்டு எப்போதும் கிடக்கும், அந்தத் துண்டுதான் அவருடைய ஆபீஸ். வாங்குகிறவன் கையைப் பிடித்து மேலே துண்டைப் போடுவார், உள்ளே விரலைப் பிடித்தால் இவ்வளவு, பாதி விரலைப் பிடித்தால் இவ்வளவு, அப்புறம் விற்கிறவன் கையைப் பிடிப்பார், சுற்றிலும் நூறு பேர் வேடிக்கை பார்த்தாலும் ஒருத்தனுக்கும் விலை தெரியாது, முகத்தில் ஒன்றும் காட்டாமல் மூன்று பேர் வானத்தைப் பார்த்தபடி நிற்பார்கள், துண்டுக்குள் மட்டும் சண்டை. நான் பக்கத்திலேயே கயிற்றுக் கடை போட்டிருப்பேன், மூக்கணாங்கயிறு, சலங்கை, சாட்டை, கொம்புக்குப் பூசுகிற வர்ணம், எட்டாவது படிக்கும்போதே என்னிடம் பேரம் பேசி ஜெயித்த ஆம்பளை கிடையாது, வாயாலேயே ஆளைக் கிறங்க அடித்துவிடுவேன். ஆனால் என் கண் முழுக்க அந்தத் துண்டின் மேல்தான். உள்ளே என்ன நடக்கிறது. ஒருநாள் கையை நீட்டிவிட்டேன். அப்பன் கை என்று நினைத்து உள்ளே விட்ட என் கையை யாரோ நெருப்பைத் தொட்ட மாதிரி உதறினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கப்பன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை, "அம்மிணி, அக்கட்டால போயி நில்லு. பொம்பளப் புள்ள கை துண்டுக்குள்ள வரப்படாது" என்று மட்டும் சொன்னார். வாயால் பேசு, எவ்வளவு வேண்டுமானாலும் கத்து, கை மட்டும் வரக் கூடாது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுக்குள் இருக்கிறது, விசிறி உரசுகிற மாதிரி, நான் நினைக்காதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கப்பன் செத்து, அவர் துண்டை அவரோடேயே போட்டு எரித்த அன்றைக்கு, எல்லோரும் அழுதபோது எனக்கு வந்தது ஆத்திரம். கடைசி வரைக்கும் காட்டாமலே போய்விட்டார் என்று.

அரசியல் அறிவியல் நான் ஆசைப்பட்டு எடுத்ததில்லை, அதில்தான் இடம் இருந்தது. காலேஜில் விண்ணப்பம் வாங்குகிற கவுண்டருக்குள் இருந்தவர், "பி.காம். ஃபுல்லு, எக்கனாமிக்ஸ் ஃபுல்லு, பொலிட்டிக்கல் சயின்ஸ் இருக்குது, வேணுமா வேண்டாமா" என்றார், கடைக்காரன் மிச்சம் கிடக்கிற கத்திரிக்காயைத் தள்ளிவிடுகிற குரல், நானும் வாங்கிக்கொண்டேன். வாங்கின பிறகு பார்த்தால் சரக்கு நல்ல சரக்கு. யார் யாரை ஆளுகிறார்கள், ஏன் மற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள், இதைத்தானே சின்ன வயசிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன், இதற்கு ஒரு படிப்பே இருக்கிறதா என்று ஆகிவிட்டது. எம்.ஏ. முடித்து, அதே பாடத்துக்கு வாத்தியாராகி, டாக்டர் பட்டத்துக்கு என்ன செய்வது என்று வந்தபோது துண்டைத் தவிர என் மண்டையில் ஒன்றும் வரவில்லை. மூடின துணிக்குள் விலை எப்படி முடிகிறது, யாருக்குத் தெரிகிறது, தெரியாதவன் என்ன ஆகிறான். அரசியல் துறையில் சொன்னார்கள், இது மாட்டு விலை, இது பொருளாதாரம், எங்களுக்கு வேண்டாம். பொருளாதாரத் துறையில் சேர்த்துக்கொண்டார்கள், சேர்த்துக்கொண்டு வாய்மொழித் தேர்வு நாளன்றைக்கு வெளியூரிலிருந்து வந்த பெரியவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "என்னம்மா, இதுல ஒரு சமன்பாடுகூட இல்லையே" என்றார். "மாட்டுக்கே அதோட விலை தெரியாதுங்க சார், சமன்பாடு யாருக்குங்க" என்றேன். அறையே கொல்லென்று சிரித்தது, அன்றைக்கு நீயும் பின் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாய், பொருளாதாரத் துறைத் தலைவராக. சிரிப்பு அடங்கினதும் என்னையே பார்த்தாய். இப்போது யோசித்தால் தெரிகிறது, அது மெச்சுகிற பார்வை இல்லை, பல்லைப் பிடித்துப் பார்க்கிற பார்வை. இல்லை, அப்படியும் சொல்ல முடியாது, மெச்சினாய்தான். மெச்சாமல் யாரும் வாங்குவதில்லை. இதிலேயே நான் சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கிறேன், நீ ஏமாற்றத்தான் வந்தாயா, இல்லை வரும்போது நல்லவனாக வந்து போகப் போக மறந்தாயா, எது எனக்கு வசதி, எதை நினைத்தால் எனக்குக் கொஞ்சமாவது மூச்சு வரும்.

கேன்டீன். மழை பெய்துகொண்டிருந்தது, தகரக் கூரையில் சத்தம், நீ டம்ளரை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாய். உங்கள் துறைக்கு ஆராய்ச்சி மையம் என்ற அங்கீகாரம் வாங்க டாக்டர் பட்டத்தோடு ஒரு ஆள் குறைகிறது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. நீ அதைச் சொல்லவில்லை. "இங்க வந்துருங்க பொன்னா மேடம். அரசியல்ல உக்காந்துட்டு மாட்டுச் சந்தையப் பத்தி எழுதுனா யார் படிப்பா" என்றாய். நான் சும்மா விடுகிறவளா, "வந்துட்டு நாளைக்கி எம்.ஏ. வேற பாடம்னு வெரட்டுனா யாருங்க சார் பதில் சொல்றது, எழுத்துல குடுங்க" என்று கேட்டேன். கேட்டேன், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது, எழுத்தில் கொடுங்கள் என்று இந்த வாய் கேட்டது. நீ சிரித்தாய். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறி, வலது கை மேல் போட்டுக்கொண்டு, மேசைக்கு மேலே நீட்டினாய். "உங்க ஊர் மொறையிலயே பேசிக்கலாம். எந்தக் கமிட்டி வந்தாலும் இது தொடர்புடைய பாடந்தான்னு நான் சொல்றேன். போடுங்க கைய." வெள்ளைக் கைக்குட்டை, ஓரத்தில் நீலக் கோடு. அந்தச் சாயங்காலம் என் கை தானாகப் போனது. உள்ளே உன் கை சூடாக இருந்தது, டீ டம்ளர் பிடித்த சூடு, நீ என் ஒரு விரலைப் பிடித்து அழுத்தினாய், அவ்வளவுதான், எழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம், எங்கப்பன் கடைசி வரைக்கும் கொடுக்காததை ஒரு ஆம்பளை, ஒரு துறைத் தலைவர், கேன்டீனில் எல்லோரும் இருக்கும்போது கொடுக்கிறார் என்று கையை எடுக்காமலே வைத்திருந்தேன். கயிறு விற்றவள், எவனையும் கிறங்க அடித்தவள், விலையே கேட்காமல் விலைபோன இடம் அது. சந்தையில் துண்டுக்குள் பேசின பேச்சு ஏன் நிற்கிறது என்று என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் முழுக்க எழுதினவளே நான்தான்: துண்டு ரகசியத்துக்கு, ஆனால் தரகர் என்று மூன்றாவது ஆள் ஒருத்தர் நடுவில் இருக்கிறார், விலை முடிந்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுச் சத்தமாக முடிஞ்சுதுங்கோ என்று அறிவிக்கிறார், அதற்குப் பிறகு பின்வாங்கினவன் எந்தச் சந்தைக்கும் வர முடியாது. நம் பேரத்தில் தரகரும் இல்லை, அறிவிப்பும் இல்லை. நீ கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். அதை எழுதினவளுக்கே அது தெரியவில்லை. வேறு ஊர்க்காரி யாராவது இருந்தால் அந்தக் கைக்குட்டையைப் பார்த்து இதென்ன கோமாளித்தனம் என்று கேட்டுக் கடிதம் வாங்கியிருப்பாள். எனக்கென்றே வெட்டின குழி அது.

மாடியில் யாரோ ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். வெயிலுக்கா, எனக்கா. திரும்பி நடந்தேன், அரசியல் வரிசையில் கடைசிக்கு முந்தின பெஞ்சில் ஒரு பெண், ஹால் டிக்கெட்டில் மாதேவி என்று இருந்தது, பர்கூர் மலைப் பக்கத்துப் பெயர், பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடிக்கிற பெண்கள் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் இவள் விடைத்தாளில் பாதிப் பக்கம் வெற்றிடம் விட்டு விட்டு எழுதியிருந்தாள், வரவு செலவுத் திட்டம் என்று தலைப்பு, கீழே நாலு வரி, அப்புறம் வெற்றிடம். அரசியல் வரிசையில் எதற்கு இது. கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். இந்தியப் பொருளாதாரம் என்று இருந்தது. அவளுக்கு வர வேண்டியது இந்திய அரசியல் பொருளாதாரம், அது வேறு பேப்பர், வேறு துறை, வேறு குறியீட்டு எண். குனிந்து, "ஏங் கண்ணு, இது உன்ற பேப்பர் இல்லையே, கேக்க மாட்டியா" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள், கண்ணெல்லாம் தண்ணீர், ஆனால் குரல் நிதானமாக இருந்தது. "நீங்கதான் மேடம் குடுத்தீங்க." "குடுத்தா?" "எங்களுக்கு நடத்துன பாடம் கொஞ்சம், நடத்தாத பாடம் நெறையன்னு நெனச்சுக்கிட்டேன் மேடம். எங்க டிபார்ட்மென்ட்ல பாதிப் பாடம் நடத்தறதே இல்ல. குடுத்தத எழுதலாம்னு எழுதுனேன்." குடுத்தத எழுதலாம்னு. கேள்வித்தாள் கொடுத்தது நான்தான், ஒரு கையில் அரசியல் கட்டு, ஒரு கையில் பொருளாதாரக் கட்டு, இந்த பெஞ்சுக்கு வரும்போதுதான் உன் கார் வந்து நின்றது, நான் ஜன்னலைப் பார்த்தேன், கை தானாக ஒரு தாளை உருவி வைத்தது. பாதி நேரத்துக்கு மேல் போய்விட்டது. ஒரு பெண்ணைத் தப்பான வரிசைப் பாடத்துக்குள் தள்ளிவிட்டு நான் என் அநியாயத்தை நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

ஜெபசிங்கைக் கதவுக்கு அனுப்பி, தேர்வுக்குப் பொறுப்பான சீஃப் சூப்பிரண்டை வரச்சொன்னேன். இயற்பியல் அப்துல் வகாப், வேகமாக வந்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போகாத குறை. வாசற்படிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், தாழ்ந்த குரலில், "மேடம், இன்னிக்கா. உங்க ஃபைல் அங்க இருக்கு. மெமோ வரும், கண்டிப்பா வரும், நான் தடுக்க முடியாது. பொண்ணு தானா பக்கத்து பெஞ்சுத் தாள மாத்தி எடுத்துக்கிட்டான்னு எழுதிக்கலாம். அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கட்டும். சின்னப் பொண்ணு, வருஷம் கெடக்கு" என்றார். கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது செய்யத்தான் சொன்னார். அந்த நேரத்தில், பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அது இனித்தது. அடுத்த செமஸ்டர் அவள் துறை இருக்குமா. அவளுக்குத் தோல்வி என்று அச்சாகும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், அவளும் கேட்க மாட்டாள், குடுத்ததை எழுதுகிறவள். அவர் முகம் எங்கப்பன் முகம் மாதிரி இருந்தது ஒரு விநாடி, அக்கட்டால போயி நில்லு அம்மிணி. துண்டுக்குள்ளேயே முடித்துவிடலாம் என்கிறார். சுற்றிலும் அறுபது பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தருக்கும் விலை தெரியாது. எனக்கு ஆத்திரம் வந்தது, அவர் மேல் இல்லை, திரை போட்ட ஜன்னல் மேல். சத்தமாகவே சொன்னேன், தேர்வுக்கூடத்தில் பேசக் கூடாத சத்தத்தில், "நாந்தானுங்க மாத்திக் குடுத்தேன். அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல. புதுத் தாள் குடுங்க, முழுசா மூணு மணி நேரமும் அவளுக்கு வேணும், நான் கூடவே நிக்கறேன். மெமோவ என்ற பேர்ல போடுங்க." பிள்ளைகள் எல்லாம் தலை தூக்கினார்கள். ஒரு பையன் பேனாவைக் கீழே போட்டுவிட்டான். ஜெபசிங் கூரையைப் பார்த்தார். வகாப், "சண்டைக்காரிங்கன்னு சொன்னாங்க, சரியாத்தான் சொல்லிருக்காங்க" என்று முனகிக்கொண்டே போய் தேர்வுக் கன்ட்ரோலரிடம் பேசி அனுமதி வாங்கி, சரியான கேள்வித்தாளோடு வந்தார். மாதேவி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். மேலிருந்து கீழே படித்தாள். "இது தெரியும் மேடம்" என்றாள், யாரிடமோ சொல்வது மாதிரி.

இப்போது எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு மணிப் பெல் அடித்து, விடைத்தாள்களைக் கட்டி, ஜெபசிங் அதைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "இடைவேளைக்கி அப்பொறம்தான் நல்லாருக்கும்னு அப்பவே சொன்னேன்லா" என்று சொல்லிவிட்டு, தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். கூடம் முழுக்கக் காலி பெஞ்சு, நடுவில் ஒரு பெண் எழுதிக்கொண்டிருக்கிறாள், ஒரு கிழவி நிற்கிறாள், விசிறி உரசுகிறது. ஒரு மணிக்கு வெளியே வந்துவிடலாம் என்றிருந்தவள் மூன்று மணி வரைக்கும் மாட்டிக்கொண்டேன், இந்தத் தடவை நானே பூட்டிக்கொண்டது. சந்தில் நடக்கிறேன், இந்தப் பக்கமும் காலி, அந்தப் பக்கமும் காலி. பயம் இருக்கிறது, இல்லாமல் என்ன. மெமோ இந்நேரம் டைப் ஆகியிருக்கும், அதுவும் அந்த மாடிக்குத்தான் போகும், தட்டில் பிஸ்கட் பக்கத்தில் வைப்பார்கள், பார்த்தீர்களா, கேள்வித்தாளைக்கூடச் சரியாகக் கொடுக்கத் தெரியவில்லை, எது அரசியல் எது பொருளாதாரம் என்று இவளுக்கே தெரியவில்லை என்று ஒருத்தன் சொல்லுவான், எல்லோரும் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், எட்டாவது படிக்கும்போதே கேட்டிருக்கிறேன். நீயும் சிரிப்பாயா. சாப்பாட்டுக்காகக் கலைந்தீர்கள் போல, வேப்பமர நிழலில் ஐந்து பேரும் நிற்கிறீர்கள், உன்னை எனக்கு முதுகிலேயே தெரியும், கழுவின கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாய், கைக்குட்டை. நீலக் கோடு இருக்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. வகாப் உன்னிடம் வந்து ஏதோ சொல்கிறார், இந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார். நீ திரும்புகிறாய். இந்தத் தடவை ஷூவைப் பார்க்காதே. நான் சொன்னேன், வகாப் வாயால் கேட்டிருப்பாய், நான்தான் மாற்றிக் கொடுத்தேன் என்று சொன்னேன், தொண்டை ஒன்றும் அறுந்துவிடவில்லை. உனக்கும் அவ்வளவுதான். உங்கள் மையத்துக்கு ஆள் வேண்டும் என்று நான்தான் அவளைக் கூப்பிட்டேன், தொடர்புடைய பாடம்தான் என்று வாக்கும் கொடுத்தேன் என்று, அந்த நாலு பேர் காதிலும் விழுகிற மாதிரி, சாப்பாடு முடிந்து மேலே போவதற்கு முன்னால், அந்த மர நிழலிலேயே. எனக்குப் பதவி வாங்கிக் கொடு என்று கேட்கவில்லை, பேசின பேச்சை அறிவிக்கச் சொல்கிறேன், தரகர் செய்கிற வேலையைச் செய்யச் சொல்கிறேன். இவள் எழுதி முடிக்கிற வரைக்கும் நான் இங்கேதான் நிற்பேன், எங்கேயும் போக மாட்டேன், போகவும் முடியாது. அந்தக் கைக்குட்டையை மடித்துப் பையில் வைக்காதே. அதை எடுத்துத் தோளில் போடு, கையை எல்லோருக்கும் காட்டு, வாயைத் திறந்து சொல்.